வானத்தில் ஒரு கட்டுக்கரை

(அடம்பனில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் மாணவரும் திரண்டிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

விண்வெளித் தொழில்நுட்பத்தில் வளர்முக நாடுகளின் கூட்டுறவு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இச்செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர், "அடம்பனிலா? கூரை ஒழுகுகின்றவனிடம் போய்க் கோள்களைப் பற்றிப் பேசுவதா?" என்று நகைத்தார். நான் அவருக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லுகின்றேன். இப்பொருளை விளங்கிக்கொள்ளும் தகுதி அடம்பன் மக்களுக்கு இருப்பதுபோல் வேறெவர்க்கும் இல்லை. ஏனெனில், பொதுவான ஒன்றைப் பலர் கூடிப் பங்கிட்டு வாழ்வது எப்படி என்பதை நீங்கள் ஏட்டிற் படிக்கவில்லை, வயலிற் படித்தவர்கள்.

கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி விதைப்பவர்கள் நீங்கள். சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்றும், தமிழ் மக்கள் அருவியாறு என்றும் அழைக்கும் ஒரே ஆறு, அநுராதபுரத்தைக் கடந்து, தேக்கத்து அணையில் மறிக்கப்பெற்று, வாய்க்கால் வழியே வந்து அக்குளத்தை நிறைக்கின்றது. குளம் பொது, நீர் பொது. ஆயினும் ஒவ்வொரு போகத்திற்கும் முன்னர்க் கூட்டம் கூடி, துருசு திறப்பது எந்நாள், விதைப்பது எத்தனை ஏக்கர், வாய்க்காலைத் துப்புரவு செய்வது எவர் என்று பேசித் தீர்க்கின்றீர்கள். அக்கூட்டத்திற்குச் செல்லாதவன் பின்னர் "எனக்கு நீர் வரவில்லை" என்று முறையிட்டுப் பயனில்லை. சென்றவனும் தன் வாய்க்காலை வெட்டாது விட்டானாயின் அவன் வயலில் நீர் ஏறப்போவதில்லை.

குளம் பொது, கூட்டத்தில் நமக்கு இடம் வேண்டும், வாய்க்கால் நம் பொறுப்பு. இம்மூன்றையும் மனத்தில் இருத்துங்கள். இன்று நான் சொல்லப்போகும் யாவும் இம்மூன்றின் விரிவுரையே.

அஞ்சிய வானம்

வானத்திலிருந்து பார்க்கும் கண் இவ்வூர் மக்களுக்குப் புதியதன்று. போர்க்காலத்தில் ஆளில்லா வேவு விமானம் தலைக்கு மேலே இரைந்தபோது, "வண்டு வந்துவிட்டது" என்று பதுங்கு குழியை நாடி ஓடியவர்கள் இவ்வவையிலும் இருக்கின்றீர்கள். 2008ஆம் ஆண்டில் வீட்டையும் வயலையும் விட்டு, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் இருக்கின்றீர்கள். வானத்துக் கண் என்றால் உங்கள் நெஞ்சில் எழுவது வியப்பன்று; அச்சம்.

அவ்வச்சத்தை எள்ளி நகையாட நான் வரவில்லை. மாறாக, அதிலிருந்து பிறக்கும் கேள்வியையே இவ்வுரையின் தொடக்கமாகக் கொள்ளுகின்றேன். அந்தக் கண் எவருடையது? எவருக்காகப் பார்க்கின்றது? கண்டதை எவருக்குச் சொல்லுகின்றது? இக்கேள்விகளைக் கேளாத மக்களுக்கு வானத்துக் கண் என்றும் வண்டாகவே இருக்கும். கேட்கத் தெரிந்த மக்களுக்கோ அது காவற்காரனாகும்.

கண்டும் காவாத கதை

பூமியைச் சுற்றிவரும் செய்மதிகள் ஏழைக்கு என்ன செய்கின்றன என்று கேட்கலாம். மூன்று பணிகளைச் செய்கின்றன. முதலாவது, பார்க்கின்றன. மேகத்தின் சுழற்சியையும், மழையின் செறிவையும், கடலின் வெப்பத்தையும், பயிரின் பசுமையையும் பார்க்கின்றன. நலமான பயிர், நம் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். வாடிய பயிர் குறைவாகவே அனுப்பும். அவ்வேறுபாட்டைக் கொண்டே வறட்சியை முன்னதாக உணரலாம். இரண்டாவது, செய்தியைச் சுமக்கின்றன. கம்பி அறுந்த இடத்திற்கும் கோபுரம் சாய்ந்த இடத்திற்கும் சொல்லைக் கொண்டு செல்கின்றன. மூன்றாவது, வழி காட்டுகின்றன. நள்ளிரவில் நடுக்கடலில் நிற்கும் வள்ளத்திற்கு, நீ நிற்கும் இடம் இது என்று சொல்லுகின்றன.

இவை நம் கரைக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு வரலாறே சான்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி உருத்தெரியாமல் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டி, பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. நம் தலைமன்னார்க் கரையும் அப்புயலின் கொடுமைக்குத் தப்பவில்லை. உலகின் முதல் வானிலைச் செய்மதி 1960 ஏப்ரல் 1ஆம் நாளிலேயே வானேறிவிட்டது. வானத்தில் கண் திறந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் புகைவண்டியில் இருந்தோர்க்கும், அந்தக் குடிசைகளில் உறங்கியோர்க்கும் அக்கண்ணால் விளைந்த பயன் ஒன்றுமில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எடுத்தது. இரண்டு மணிநேரம்! ஓர் ஊரே நடந்து மேட்டு நிலம் ஏறிவிடலாம். ஆயினும் சொல்வாரில்லை. இலங்கையில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இந்துமாக்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. அதன் பின்னர் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஒரு நிலையம் எழுந்தது. ஆழ்கடலின் அடித்தளத்தில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் சொல்வதைச் செய்மதி வழியாகக் கேட்கும் நிலையம் அது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆத்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் இக்கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை ஏற்றன. கூட்டுறவு என்பது மேடைச் சொல்லன்று, உயிர்காக்கும் கருவி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் "டித்வா" புயல் இலங்கையை உலுக்கியபோது 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. மன்னார் மாவட்டத்து ஊர்களும் வெள்ளத்திற்குத் தப்பவில்லை. அப்புயலைச் செய்மதிகள் காணவில்லையா? கண்டன. படம் பிடித்தன, அனுப்பின. காண்பதற்கும் காப்பதற்கும் இடையே கிடக்கும் தூரமே நம் துயரம். அத்தூரத்தைக் குறைப்பது எப்படி என்பதே நம் முன்னுள்ள வினா.

தும்பாவில் விழுந்த வித்து

வளர்முக நாடுகள் வானத்தை நோக்கிய கதை எங்கே தொடங்கிற்று? 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் ஆசிய ஆபிரிக்க நாடுகள் கூடின. அம்மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. இரண்டே ஆண்டுகளில், 1957 அக்டோபர் 4ஆம் நாள், சோவியத் ஒன்றியம் முதற் செய்மதியை ஏவியது. வல்லரசுகள் இரண்டும் வானத்தைத் தம் போட்டிக் களமாக்கின. ஏழை நாடுகளோ அண்ணாந்து பார்த்து நின்றன.

அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாத ஒருவர் விக்கிரம் சாராபாய். பூமியின் காந்த நடுக்கோடு கேரளக் கரையிலுள்ள தும்பா என்னும் மீனவச் சிற்றூருக்கு அருகே செல்வதை அறிந்து, வான்மண்டிலத்தை ஆராய அதுவே ஏற்ற இடம் எனத் தேர்ந்தார். அங்கே இருந்தது என்ன? மரிய மதலேனாள் தேவாலயம். அதைச் சூழ்ந்து மீனவர் குடிசைகள். ஆயரும் மக்களும் இசைந்து தம் கோயிலையும் நிலத்தையும் அறிவியலுக்கு அளித்தனர். நம் மன்னார்க் கரையிலுள்ள ஊர்களைப் போன்றதோர் ஊர் அது என்பதை நினைத்துப் பாருங்கள். வானத்தின் வாயிலைத் திறந்தவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். வலை வீசி வாழ்ந்த ஏழைகள்.

1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ஏவூர்தி எழுந்தது. ஏவூர்தி அமெரிக்காவினது, அது சுமந்த கருவி பிரான்சினது, அந்நிலையத்திற்குக் கணனியும் உலங்கு வானூர்தியும் வழங்கியது சோவியத் ஒன்றியம். பகைமுகாம்கள் இரண்டும் ஒரு மீனவ ஊரின் மணலில் ஒருங்கே நின்றன! 1968 பெப்ரவரி 2ஆம் நாள் அத்தளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே பணிபுரிந்த இளைஞருள் ஒருவர் இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த குடும்பத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம். நமக்கும் அவருடைய தீவுக்கும் இடையே கிடப்பது ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீர்ப்பரப்பு. அக்கரையில் முளைத்தது இக்கரையில் முளையாதென்று விதி எழுதியவர் எவருமில்லை.

இரவல் விளக்கு

அடுத்து ஒரு பாடம். 1975 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் 1976 சூலை 31ஆம் நாள் வரை, அமெரிக்கா இரவலாகக் கொடுத்த ஒரு செய்மதியின் உதவியால் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் தொலைக்காட்சியைக் கண்டன. மின்விளக்கையே புதுமையாகக் கண்ட ஊர்களில், உழவும் நலவாழ்வும் கல்வியும் திரையில் வந்தன. அதே 1975இல், கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் அவர்களின் இல்லத்திலும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ஒரு வாங்கியை நிறுவினர். பூமியோடு ஒத்த வேகத்திற் சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியதே 1979இல்தான் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

ஓராண்டு முடிந்தது. இரவல் கொடுத்தவர் தம் செய்மதியை விலக்கிக்கொண்டனர். திரைகள் இருண்டன. ஆயினும் இருளாத ஒன்று இருந்தது. அவ்வோராண்டில் அதை இயக்கக் கற்ற பொறியியலாளர் இருந்தனர். நிகழ்ச்சி அமைக்கக் கற்ற ஆசிரியர் இருந்தனர். இந்தியா தனக்கெனச் செய்மதி வேண்டுமென்று முனைந்தது. 1982இல் ஏவிய முதலாவது அவ்வாண்டிலேயே பழுதுற்றது. 1983இல் ஏவிய இரண்டாவது வென்றது. இரவல் விளக்கு அணைந்துவிடும். விளக்கேற்றக் கற்ற கை அணைவதில்லை. இதுவே அப்பாடம்.

அந்த 1976 ஆகஸ்டிலேயே அணிசேரா நாடுகளின் தலைவர்கள் கொழும்பிற் கூடினர். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், பூமத்திய கோட்டை அடுத்த எட்டு நாடுகள் பொகோட்டா நகரில் கூடி, தம் தலைக்கு மேலே 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதிப் பாதை தமக்கே உரியதெனப் பறைசாற்றின. உலகம் அவ்வுரிமையை ஏற்கவில்லை. விண்வெளி எந்நாட்டிற்கும் தனியுடைமை அன்று என்று 1967ஆம் ஆண்டு ஒப்பந்தம் உறுதிசெய்திருந்தது. எனினும் அந்த எட்டு நாடுகளின் அச்சம் பொய்யன்று. அப்பாதையில் இடமும் அலைவரிசையும் அளவுக்குட்பட்டவை. முந்தியவன் இடம்பிடித்துவிட்டால் பிந்தியவன் எங்கே நிற்பது? "வானம் எல்லோர்க்கும் பொது" என்பது உண்மையே. கட்டுக்கரையும் எல்லோர்க்கும் பொதுவே. ஆனால் துருசடியில் நிற்பவன் யார் என்பதன்றோ கேள்வி?

பரிசும் பங்கும்

இனி, நம் நாடும் பங்குகொண்ட முயற்சிக்கு வருகின்றேன். 2014 சூன் 30ஆம் நாள், சார்க் நாடுகள் அனைத்திற்கும் பயன்படத்தக்க ஒரு செய்மதியை அமைக்குமாறு இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தம் நாட்டு அறிவியலாளரைக் கேட்டுக்கொண்டார். 2017 மே 5ஆம் நாள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து அது வானேறிற்று. எடை 2,230 கிலோகிராம். செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் அலைத்தொகுதிகள் பன்னிரண்டு. செய்மதிக்கு ஆன செலவு ஏறத்தாழ 235 கோடி இந்திய ரூபாய். அதனை இந்தியாவே ஏற்றது. இந்தியாவோடு இலங்கை, நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மாலைதீவு, ஆப்கானித்தான் ஆகியன அதில் இணைந்தன. பாகிஸ்தான் இணையவில்லை. கூட்டு முயற்சியாக அதனை உருவாக்க இந்தியா இணங்காமையே காரணம் என்று அந்நாடு கூறியது. ஆகவே "சார்க் செய்மதி" என்னும் பெயர் "தெற்காசியச் செய்மதி" என மாறியது.

பரிசளித்த கையை நான் பழிக்கமாட்டேன். அண்டை வீட்டாருக்குக் குளம் வெட்டிக் கொடுப்பது அருஞ்செயலே. நன்றி மறப்பது தமிழர் பண்பன்று. ஆயினும் பரிசு வேறு, பங்கு வேறு. பரிசு பெற்றவன் கொடுத்தவனின் முகம் பார்த்து நிற்பான். பங்கு கொண்டவன் கணக்குக் கேட்பான். பரிசு பெற்றவன் பயன்படுத்தாது விட்டாலும் அவனை எவரும் கேளார். பங்கு போட்டவனோ தன் பணம் வீணாவதைப் பார்த்திருக்கமாட்டான்.

பங்கு என்றால் என்னவென்பதைச் சீனாவும் பிரேசிலும் காட்டின. 1988 சூலையில் அவ்விரு நாடுகளும் பூமியைப் படம்பிடிக்கும் செய்மதிகளைக் கூட்டாகக் கட்ட ஒப்பந்தம் செய்தன. செலவிலும் வேலையிலும் சீனா 70 விழுக்காடு, பிரேசில் 30 விழுக்காடு. 1999 அக்டோபர் 14ஆம் நாள் முதற் செய்மதி ஏவப்பட்டது. பின்னர் வந்த சிலவற்றில் இருவரும் சரிபாதி. ஒருமுறை, 2013 டிசம்பரில், ஏவுதல் தோல்வியுற்றுச் செய்மதி அழிந்தது. ஒருவர்மேல் ஒருவர் பழிசுமத்திப் பிரியவில்லை; அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அடுத்ததை ஏவினர். எடுத்த படங்களைப் பிரேசில் 2004 முதல் தன் மக்களுக்கு விலையின்றி வழங்கியது. பின்னர் அயல்நாடுகளுக்கும் கதவைத் திறந்தது. அமேசன் காட்டில் மரம் வெட்டுவோரைக் கண்காணிக்க அப்படங்கள் உதவின. இழப்பையும் சேர்த்துப் பங்கிட்டமையாலேயே அது கூட்டுறவாயிற்று.

"சீனாவும் பிரேசிலும் மலைகள், நாம் மடு" என்று சொல்லுவார் உளர். அவர்க்குப் பூட்டானைக் காட்டுகின்றேன். எட்டு இலட்சம் மக்களே வாழும் மலைநாடு. அதே தெற்காசியச் செய்மதியின் பயனைப் பெறத் தலைநகர் திம்புவில் 2019இல் தரைநிலையம் அமைக்கப்பட்டது. பூட்டானின் இளம் பொறியியலாளர் இந்தியாவிற்குச் சென்று செய்மதி கட்டும் கலையைப் பயின்றனர். 2022 நவம்பர் 26ஆம் நாள் இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த சிறு செய்மதி வானேறிற்று. குளம் இந்தியா வெட்டியதுதான். வாய்க்காலைப் பூட்டான் வெட்டிற்று. பரிசு பங்காக மாறிய விந்தை இதுவே.

நம் வாய்க்கால்

நாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுவது உண்மைக்கு மாறு. 1984இல் மொறட்டுவையில் கிளார்க் அவர்களின் பெயரால் நவீன தொழில்நுட்ப நிலையம் எழுந்தது. 1995 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு இந்தியாவின் தேராதூனில் தோன்றிய ஆசிய பசிபிக் விண்வெளிக் கல்வி நிலையத்தில் நம் நாட்டவர் பயின்றுள்ளனர். 2019 ஏப்ரலில் "இராவணா 1" என்னும் செய்மதி ஏவப்பட்டது. ஒரு கிலோகிராமை ஒட்டிய எடை. கைக்குள் அடங்கும் பெட்டி. யப்பானின் கியூசூ தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கை இளைஞர் இருவர் அதனைக் கட்டினர். அவர்களோடு ஒரே கூடத்தில் நேபாள இளைஞரும் தம் நாட்டின் முதற் செய்மதியைக் கட்டினர். அதற்கு முன்னரே கானாவும் மங்கோலியாவும் பூட்டானும் அதே கூடத்தில் தம் முதற் செய்மதிகளைக் கட்டியிருந்தன. வித்து உண்டு. ஆனால் வித்து வேறு, விளைச்சல் வேறு.

விளைச்சலுக்கு வேண்டிய வாய்க்கால்கள் எவை? மூன்றைச் சொல்லுகின்றேன்.

முதல் வாய்க்கால், ஆட்கள். செய்மதிப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் கொழும்பில் மட்டும் இருந்தாற் போதாது. அநுராதபுரத்தில் பெய்த மழை அருவியாற்றில் எப்போது பெருகி வரும், எந்த ஊரில் ஏறும் என்று படத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க ஒருவராவது மன்னாரில் இருக்கவேண்டும். முன்வரிசையிலுள்ள மாணவர்களே, அவ்வொருவர் உங்களுள் ஒருவராக ஏன் இருக்கக்கூடாது? தேராதூனின் கதவு நம் நாட்டவர்க்குத் திறந்தே இருக்கின்றது. அக்கதவுவரை உங்களைக் கொண்டு செல்லும் கணிதமும் பௌதிகமும் இவ்வூர்ப் பாடசாலைகளில் தக்க ஆசிரியரால் கற்பிக்கப்படுகின்றனவா என்பதைப் பெற்றோர் கேட்கவேண்டும். ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு மேலே எத்தனை செய்மதி பறந்தாலும் அது நமக்கு வெறும் விண்மீனே.

இரண்டாம் வாய்க்கால், மொழி. வானத்துக் கருவி எந்த மொழியும் பேசுவதில்லை. அதன் செய்தியைச் சொல்லாக மாற்றுகின்றவன் மனிதன். அக்கரையிலுள்ள தமிழ்நாட்டு மீனவர்க்கு, மீன் திரளும் கடற்பகுதி இதுவென்று ஐதராபாத் நிலையத்தின் அறிவிப்பு தமிழிலே கிடைக்கின்றது. குளிர்நீர் மேலெழும் இடத்தையும், கடலின் பச்சையம் செறிந்த இடத்தையும் செய்மதி கண்டு சொல்ல, அதனைத் தமிழாக்கித் தருகின்றனர். இங்கே, வள்ளத்தில் இருப்பவன் தமிழன், அவன் மனைவி தமிழ்ப் பெண், எச்சரிக்கை அவர்களுக்குரியது. அது முதலில் வேறு மொழிகளிற் பிறந்து, பின்னர் ஓய்வாகத் தமிழ் உடுத்து வருமாயின், வருவதற்குள் வெள்ளம் வந்துவிடும். வளிமண்டலவியல் திணைக்களமாயினும், அனர்த்த முகாமைத்துவ நிலையமாயினும், எச்சரிக்கையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கணத்தில் வெளியிடவேண்டும் என்பது மொழிப்பற்றால் எழும் கோரிக்கை மட்டுமன்று. உயிர்ப்பற்றால் எழும் கோரிக்கை.

மூன்றாம் வாய்க்கால், கூட்டத்தில் இடம். எந்தப் படம் எடுக்கப்படவேண்டும், எந்த நாளில் வேண்டும், எவர்க்கு முதலில் கிடைக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் அவையில் சிறு நாடுகள் இருக்கவேண்டும். அந்நாடுகளின் கடைக்கோடி மாவட்டங்களின் குரலும் இருக்கவேண்டும். 2014 நவம்பரில் காத்மாண்டுவிற் கூடியபின் சார்க் தலைவர்களின் உச்சிமாநாடு நடைபெறவில்லை. குளம் மேலே மிதக்கின்றது, கூட்டமோ கூடவில்லை! வானத்தில் இணைந்த நாடுகள் தரையில் பேசாதிருப்பது என்ன கூட்டுறவு?

கடல் கற்பிக்கும் பாடம்

இங்குள்ள கடற்றொழிலாளர் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். "கூட்டுறவு என்கிறீரே, எங்கள் வலைகளை அறுத்துச் செல்லும் இழுவைப் படகுகள் எங்கிருந்து வருகின்றன?" என்று கேட்கின்றீர்கள். நேர்மையான கேள்வி. 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லையை வகுத்தன. 2017இல் அடிமடி இழுவை முறையை இலங்கை சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் துயர் தீரவில்லை. அக்கரையில் கூலிக்குப் படகேறும் ஏழையும், இக்கரையில் சிறுவலை வீசும் ஏழையும் இருளில் மோதுகின்றனர். இருவரும் பேசுவது தமிழே.

எந்தப் படகு எந்நேரம் எங்கே நின்றது என்பதைச் செய்மதி அறியும். படகுகளிற் கருவி பொருத்தி, அந்தக் கணக்கை இரு நாடுகளும் இரு கரை மீனவர் சங்கங்களும் ஒளிவுமறைவின்றிப் பகிர்ந்துகொண்டால், குற்றம் செய்தவன் யார், வழிதவறியவன் யார் என்பது தெளிவாகும். வழிதவறிய அப்பாவி சிறைக்குச் செல்லவேண்டியதில்லை; வலையறுத்தவன் தப்பவும் முடியாது. கருவி உண்டு, கணக்கு உண்டு. வேண்டியது அதனைப் பகிரும் மனம். விண்வெளிக் கூட்டுறவின் உண்மையான உரைகல் சிறீகரிக்கோட்டாவில் இல்லை. நம் பாக்கு நீரிணையில் இருக்கின்றது என்பேன்.

நேரம் குறைகின்றது

இறுதியாக ஒன்று. தெற்காசியச் செய்மதியின் வாழ்நாள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எனக் கணிக்கப்பெற்றது. 2017இலிருந்து பன்னிரண்டை எண்ணிப் பாருங்கள், 2029 வருகின்றது. அதன்பின் அடுத்தது எது? மீண்டும் எவரேனும் பரிசளிக்கும்வரை காத்திருக்கப்போகின்றோமா? அன்றி, எங்கள் பங்கு இது, எங்கள் பொறியியலாளர் இவர், எங்கள் தேவை இது என்று எழுந்து நின்று சொல்லப்போகின்றோமா? இலங்கையும் நேபாளமும் பூட்டானும் மாலைதீவும் தனித்தனியே நின்றால் ஒரு செய்மதிக்கும் வழியிராது. கூடி நின்றால், கேட்பதற்கு ஒரு குரலும் கட்டுவதற்கு ஒரு முதலும் உண்டாகும்.

ஆகவே, இக்கூட்டத்தினின்றும் மூன்று கோரிக்கைகள் எழட்டும். மன்னாருக்கெனச் செய்மதிச் செய்தியைப் படித்துச் சொல்லும் பயிற்சி பெற்றோர் வேண்டும். எச்சரிக்கை எதுவாயினும் தமிழிலும் அதே கணத்தில் வேண்டும். அடுத்த செய்மதியில் இலங்கைக்குப் பரிசு வேண்டா, பங்கு வேண்டும். இம்மூன்றையும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடமும், பிரதேச சபையிடமும், அரசாங்க அதிபரிடமும் ஓயாது கேளுங்கள். துருசு திறக்கவில்லையென்றால் கமக்காரன் வாளாவிருப்பானா? அவ்வுறுதி இதிலும் வேண்டும்.

கடற்கரை மணலிலே படரும் கொடி ஒன்றின் பெயரைத் தாங்கியது இவ்வூர். அக்கொடியைத் தனியே இழுத்தால் ஒரு சிறுவன் கையிலும் அறுந்துவிடும். நம் முன்னோர் அதைப் பார்த்துச் சொன்னதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. சிறிய நாடுகளுக்கும் அதுவே வழி; சிறிய ஊர்களுக்கும் அதுவே வழி.